கள்ளிச்செடியில் பழுப்புப் புள்ளி: தழும்பா, புண்ணா?

காலையில் பல் துலக்கிக்கொண்டே பால்கனிக்கு வருகிறீர்கள். நேற்றுவரை பச்சையாக இருந்த கள்ளிச்செடியின் உடம்பில் ஐம்பது பைசா அளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு. உடனே கை தேடுவது தண்ணீர்க் குவளையைத்தான். "பாவம், காய்ந்துவிட்டது போல" என்று ஒரு சொம்பு ஊற்றிவிடுவோம். என் முதல் தங்கப்பந்துக் கள்ளியை நான் அப்படித்தான் கொன்றேன். அதன் அடியில் வந்திருந்தது நோயே இல்லை. வயதானால் வருகிற மரப்பட்டை, அவ்வளவுதான். நான் அதற்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கி மூன்றாவது வாரம்தான் நிஜமான அழுகல் வந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கள்ளியில் பழுப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: இது தழும்பா, புண்ணா? தழும்பு என்றால் எப்போதோ பட்ட அடி, ஆறிவிட்டது, ஒன்றும் செய்ய வேண்டாம். புண் என்றால் இந்த நிமிடமும் உள்ளே பரவிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே கத்தி எடுக்க வேண்டியிருக்கலாம்.

மற்ற செடிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. செம்பருத்தி இலையில் புள்ளி விழுந்தால் இலை உதிரும், புது இலை வரும், கதை முடிந்தது. கள்ளிக்கு இலையின் வேலையையும் தண்டுதான் செய்கிறது. அந்தத் தோலை அது கழற்றிப் போட முடியாது. 5 வருடத்துக்கு முன் பட்ட அடி இன்னும் உடம்பிலேயே இருக்கும். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நிற்கும் சகுவாரோ என்ற ராட்சதக் கள்ளியில் மரங்கொத்தி பொந்து குடைந்தால், பொந்தின் உள்சுவர் முழுக்கச் செடி கெட்டியான பட்டையைக் கட்டிக்கொள்ளும். செடி செத்து மட்கிய பிறகும் அந்தப் பட்டை மட்டும் ஒரு குடுவை போலக் கிடக்கும். அங்குள்ள பழங்குடி மக்கள் அதைப் பாத்திரமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே பழுப்பு என்றாலே நோய் என்று நினைக்க வேண்டாம். பல நேரம் அது செடி தானே போட்டுக்கொண்ட கட்டு.

முதல் படி: கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், வேப்பெண்ணெயும் வேண்டாம். தொட்டியை மட்டும் மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். கைப்பேசி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிலும் படம் எடுங்கள். நேரே பிடித்தால் தெரியாத குழிவும் மேடும் சாய்வு வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும்.

இரண்டாம் படி: உங்களிடம் இருப்பது கேக்டஸ்தானா?

தமிழில் எல்லாவற்றையும் கள்ளி என்றே சொல்லிவிடுகிறோம். சப்பாத்திக்கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அசல் கேக்டஸ். வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் யூஃபோர்பியா, அது வேறு குடும்பம். கேக்டஸ் என்றால் முள் முளைக்கிற ஒவ்வொரு இடத்திலும் பஞ்சு போன்ற ஒரு சின்னத் திட்டு இருக்கும். யூஃபோர்பியாவில் அது கிடையாது, கீறினால் பால் வடியும். அந்தப் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் யூஃபோர்பியாவை வெட்ட நேர்ந்தால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இன்னொரு ஆள் நம் வீடுகளிலேயே ஒளிந்திருக்கிறது. ராத்திரியில் பூத்து விடிவதற்குள் வாடும் பிரம்ம கமலம். (இமயமலையில் பூக்கும் அசல் பிரம்ம கமலம் வேறு.) நாம் வளர்ப்பது மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளின் கேக்டஸ். இலை மாதிரி இருப்பது அதன் தண்டு. கிறிஸ்துமஸ் கேக்டஸும் பிரேசில் காட்டு இனம். மரக்கிளையில் தொற்றி அரைநிழலில் வளரும் இந்த இரண்டையும் வெயிலில் வைத்தால் வெளிறி, பிறகு பழுப்பாகும். பாலைவனக் கள்ளிக்குச் சொல்லும் "காயப்போடு" என்ற விதியை இவற்றிடம் கண்மூடித்தனமாகக் காட்டக் கூடாது. மேல்மண் காய்ந்ததுமே இவற்றுக்குத் தண்ணீர் வேண்டும்.

மூன்றாம் படி: அழுத்திப் பாருங்கள்

பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் பழுப்பின் நடுவில் மெதுவாக அழுத்துங்கள். பிறகு பழுப்பும் பச்சையும் சேரும் ஓரத்தில் அழுத்துங்கள். அந்த ஓரம்தான் முக்கியம்.

மரக்கட்டை போல, நெட்டி போல விறைப்பாக இருந்தால் தழும்பு. கனிந்த சப்போட்டா போல உள்ளே அமுங்கினாலோ, ஈரம் கசிந்தாலோ, மூக்கருகில் கொண்டுபோனால் ஊசிப்போன வாடை வந்தாலோ, அது புண். நேராகக் கீழே "அழுகல்: கத்தி எடுக்க வேண்டிய நேரம்" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம்.

நான்காம் படி: எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது

அடியிலிருந்து மேலே ஏறினால் பெரும்பாலும் வயசு. உச்சியின் இளம் பச்சையிலிருந்து கீழே இறங்கினால் பெரும்பாலும் பூச்சி. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் வெயில். எந்த ஒழுங்கும் இல்லாமல் வட்ட வட்டமாக, நடுவில் குழிந்து ஓரம் கருத்திருந்தால் பூஞ்சை. மண்ணை ஒட்டிச் சுற்றிலும் ஈரப் பழுப்பாக இருந்தால் வேரழுகல் மேலே ஏறுகிறது.

ஐந்தாம் படி: கோடு போடுங்கள்

இதைச் செய்பவர்கள் குறைவு, ஆனால் எனக்கு அதிகம் உதவியது இதுதான். சிடி மேல் எழுதுகிற மார்க்கர் பேனாவால் பழுப்பின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடு போட்டு, தொட்டியில் தேதி எழுதுங்கள். 3 நாள் கழித்து ஒரு முறை, 7 நாள் கழித்து ஒரு முறை பாருங்கள். பழுப்பு கோட்டுக்குள்ளேயே இருந்தால் தழும்பு. தாண்டியிருந்தால் புண். மென்மையாக இருந்தால் மட்டும் இந்த 7 நாளெல்லாம் காத்திருக்க வேண்டாம். நீர்த்த அழுகல் 2 நாளில் செடியின் பாதியைத் தின்றுவிடும்.

ஆறாம் படி: சந்தேகம் தீரவில்லை என்றால் வேரைப் பாருங்கள்

செய்தித்தாளை நாலாக மடித்துச் செடியின் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம்பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் தாங்கும். அழுகிய வேர் கறுத்திருக்கும். இழுத்தால் மேல்தோல் உறை போல உருவிக்கொண்டு வந்து, நடுவில் நூல் மட்டும் மிஞ்சும்.

புதிதாக வாங்கிய செடி என்றால் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். பல நர்சரிச் செடிகளின் வேரைச் சுற்றி உருண்டையாக வெறும் தேங்காய்நார்க் கழிவு இருக்கும். கோகோபீட் என்று விற்பார்களே, அதுதான். வெளிப்பக்கம் காய்ந்து, நடுவில் பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். நாம் மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று ஊற்றிக்கொண்டே இருப்போம். வாங்கிய ஓரிரு வாரத்துக்குள் அதைப் பொறுமையாக உதிர்த்துவிட்டுக் கலவை மாற்றினால் பாதி நோய் வராது. மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தால் அதையும் பெயர்த்துவிடுங்கள். உச்சியில் காய்ந்த பூவைச் சூடான பசையால் ஒட்டி விற்கிற அக்கிரமமும் உண்டு. பூவைப் பிய்த்தால் கீழே ஒரு பழுப்பு வட்டம் இருக்கும். அது தழும்புதான், விட்டுவிடலாம்.

வயதுப் பட்டை

மண்ணை ஒட்டிய பகுதி சொரசொரப்பாக, வெளிர்பழுப்பாக, மரத்தோல் போல மாறுவது. சப்பாத்திக்கள்ளி, தூண் போல வளரும் செரியஸ், நட்சத்திரக் கள்ளி எனப்படும் ஆஸ்ட்ரோபைட்டம், மம்மிலேரியா எல்லாவற்றிலும் சகஜம். மேலே ஏறும் பாரத்தைத் தாங்க அடி கெட்டிப்படுகிறது. மருந்தே கிடையாது, தேவையும் இல்லை.

வெயில் சுட்ட தழும்பு

நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது இது. பாலைவனச் செடிக்கு வெயிலா பிரச்சினை என்று எல்லோரும் கேட்பார்கள். பிரச்சினை வெயிலில் இல்லை, திடீர் வெயிலில். நர்சரியில் பச்சை நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடியை வாங்கிவந்து, மேற்குப் பார்த்த பால்கனியின் கிரில்லில் அன்றைக்கே வைத்தால், ஒரு வாரத்தில் ஒரு பக்கம் மஞ்சளாக வெளிறி, அப்புறம் காகிதம் போலக் காய்ந்து பழுப்பாகிவிடும். முதலில் வெளிறுவதுதான் இதன் அடையாளம். வெளிறிய நிலையிலேயே கவனித்து நிழலுக்கு மாற்றினால் ஓரளவு பச்சை திரும்பும். பழுப்பான பிறகு திரும்பாது.

வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. "எங்கள் பக்கம் வெயிலே வராது" என்பார்கள். சென்னையின் அட்சரேகைக்கு ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதிவரை சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். எட்டு மாதம் நேர்வெயிலையே பார்க்காத செடி மீது கத்திரி நேரத்தில் திடீரென்று வெயில் இறங்கும். செடி நகரவில்லை, நீங்களும் நகர்த்தவில்லை, ஆனாலும் சுட்டுவிடும். இது புரியாமல் ஒரு மே மாதம் முழுக்க நான் பூஞ்சைமருந்து அடித்துக்கொண்டிருந்தேன். தெற்கே நெல்லை, குமரிப் பக்கம் இந்த மாற்றம் சென்னையைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னதாகவே வந்துவிடும்.

தீர்வு எளிது. புதுச் செடிக்கு முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் 2 மணி நேரம், இப்படி ஏற்றிக்கொண்டு போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் 11 முதல் 4 வரை 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். பழைய வெள்ளை வேட்டியை இரட்டையாகக் கட்டினாலும் போதும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியும் வெள்ளை டைல்ஸ் தரையும் சேர்ந்தால் சூடு கீழிருந்தும் அடிக்கும். தொட்டியை ஒரு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

பூச்சிகள்

சிலந்திப் பேன் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. உச்சியின் இளம் பகுதியில் துரு தூவியது போல நுண்ணிய பழுப்பு படரும், முட்களுக்கிடையே மெல்லிய வலை இருக்கலாம். வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துச் செடியைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அதுதான். காய்ந்த சூடான காற்றில் பெருகும். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு (தொட்டி மண்ணை பாலிதீனால் மூடிவிட்டு), நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கிற கந்தகப் பொடி) லிட்டருக்கு 2 கிராம் என்று மாலையில் தெளிக்கலாம். கொளுத்தும் நாளில் கந்தகம் செடியையே சுடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது.

செதில் பூச்சி பழுப்புப் புள்ளியாகவே நடிக்கும். நகத்தால் சுரண்டினால் முழுசாகப் பெயர்ந்து வந்து, கீழே பச்சைத் தோல் தெரியும். தழும்பு அப்படிப் பெயராது. மாவுப்பூச்சி வெள்ளைப் பஞ்சு போல இடுக்குகளில் இருக்கும், அது உறிஞ்சிய இடம் பின்னால் பழுப்பாகும். இரண்டுக்கும் காது குடையும் பஞ்சுக்குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து, வெயில் தாழ்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள். ஒரு வாரம் விட்டு மூன்று முறை. எண்ணிக்கை அதிகமானால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு. ஆனால் நீலச்சாம்பல் பூச்சு உள்ள தூண் கள்ளிகளில் இதை அடிக்காதீர்கள். அந்தப் பூச்சு கரைந்து திட்டுத்திட்டாகிவிடும்.

சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சைக் கண்டு விரலால் நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாயம் வரும். பயப்பட வேண்டாம், அது கோச்சினீல் வகைப் பூச்சி. தென்னிந்தியக் காடுமேடெல்லாம் சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்தபோது, அதை ஒழிக்கவே 1926இல் இலங்கையிலிருந்து இந்தப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். வேலையைச் செவ்வனே முடித்தது. உங்கள் தொட்டிச் செடிக்கும் அதே மரியாதைதான் கிடைக்கும், உடனே துடைத்துவிடுங்கள்.

உப்பும் கொப்புளமும்

ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் மண்மட்டத்தில் வெள்ளையாகவும் பழுப்பாகவும் ஓடு கட்டும். செடியின் கழுத்தை அது அரித்துத் தழும்பாக்கும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறோமே, அதில்தான் உப்பு இன்னும் அதிகம். பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். மழைநீரும் ஏசியிலிருந்து சொட்டும் நீரும் கள்ளிக்கு அருமை. நெடுநாள் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் தோலில் சின்னக் கொப்புளங்கள் வந்து பிறகு பழுப்பு மருவாகும். அதுவும் தழும்புதான்.

அழுகல்: கத்தி எடுக்க வேண்டிய நேரம்

வேண்டியவை: பேப்பர் கட்டரின் புது பிளேடு, சர்ஜிக்கல் ஸ்பிரிட், பஞ்சு, கந்தகப் பொடி. கந்தகம் இல்லையென்றால் சமையலறைப் பட்டைத்தூள்.

அடியில் அழுகியிருந்தால், அழுகல் முடிகிற இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு வளையம் தெரியும், தண்ணீர் ஏறுகிற குழாய்கள் அவை. சுற்றிலும் பச்சை, உள்ளே வெள்ளை, அந்த வளையம் மட்டும் ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ இருந்தால் நோய் மேலே போய்விட்டது என்று அர்த்தம். பிளேடை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, முள்ளங்கி வில்லை போல இன்னொரு துண்டு. மறுபடி துடைத்து, இன்னொன்று. ஒரே ஒரு பழுப்புப் புள்ளி மிஞ்சினாலும் வெட்டியதெல்லாம் வீண். மனசு கேட்காது, உருண்டை சின்னதாகிக்கொண்டே வரும், பரவாயில்லை. எலுமிச்சை அளவு நல்ல துண்டு மிஞ்சினாலும் பிழைக்கும்.

சுத்தமான முகம் கிடைத்ததும், ஓரத்தைச் சுற்றிலும் பென்சில் சீவுவது போலச் சரிவாகச் செதுக்குங்கள். காயும்போது நடுச்சதை உள்ளே சுருங்கும், விறைப்பான தோல் சுருங்காது. சீவாமல் விட்டால் அடி குழிந்து, வேர் மண்ணைத் தொடாமல் தொங்கும். பிறகு கந்தகம் தூவி, காலி டம்ளரின் வாயில் உட்கார வைத்து, நிழலில் காற்றுப்பட விடுங்கள். சின்னதற்கு ஒரு வாரம், கைமுட்டி அளவுக்கு இரண்டு வாரம், கனத்த தூணுக்கு ஒரு மாதம்கூட ஆகும். தொட்டால் காய்ந்த தோல்செருப்பு போல இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் காயாமல் அடம்பிடித்தால் டேபிள் ஃபேனைத் தள்ளி வைத்து ஓட விடுங்கள். ஆறியதும் காய்ந்த கலவையின் மேல் வைத்து, சாயாமல் கல் அணைகொடுங்கள். வேர் வர 2 முதல் 4 வாரம். மெல்ல அசைத்தால் பிடிமானம் தெரிகிறபோதுதான் முதல் தண்ணீர்.

உடம்பின் நடுவில் சின்ன அழுகல் என்றால் ஸ்பூனால் அள்ளுவது போலத் தோண்டி எடுத்துவிட்டுக் கந்தகம் தூவித் திறந்தே விடுங்கள். வட்டப் பூஞ்சைப் புள்ளிகள் பரவினால் லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைமருந்து, 10 நாள் இடைவெளியில் இரண்டு முறை. அது ஏற்கெனவே இருக்கும் புள்ளியை அழிக்காது, புதியது வராமல் தடுக்கும். அவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும்.

சிவப்பு, மஞ்சள் உருண்டையோடு விற்கும் மூன் கேக்டஸ் தனிக்கதை. மேலே உள்ள உருண்டைக்குப் பச்சையமே இல்லை, கீழே உள்ள டிராகன் பழ இனத்துத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. தண்டு பழுத்து அழுகினால் உருண்டையை மண்ணில் நட்டுப் பயனில்லை, வேறொரு தண்டில் ஒட்டுக்கட்டினால்தான் உண்டு. இந்த ஒட்டுச்செடிகளுக்கு ஆயுசும் குறைவு. போனால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி வராமல் இருக்க

கலவை: மூன்று பங்கு கல், ஒரு பங்கு சத்து. கல் என்றால் கடலை அளவுக்கு உடைத்த பழைய செங்கல், பொடிக்கல், கொஞ்சம் அடுப்புக்கரி. பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணை கிடைத்தால் அதுவும். சத்து என்றால் நன்கு மட்கிய மண்புழு உரமும் செம்மண்ணும். எம்-சாண்ட் சேர்ப்பதானால் மாவுச் சல்லடையில் சலித்து, தூளைக் கொட்டிவிட்டு, மேலே நிற்கும் குருணையை மட்டும் கழுவிச் சேருங்கள். அந்தத் தூள்தான் ஈரத்தில் சிமென்ட் போல இறுகி வேரை மூச்சுமுட்ட வைக்கும்.

தொட்டி: மண்தொட்டி, அடியில் ஓட்டை, செடியைவிட இரண்டு விரல் மட்டும் அகலம். ஓட்டையில்லாத அழகுப் பீங்கானில் நடாதீர்கள்.

தண்ணீர்: நாள்காட்டி பார்த்து ஊற்றுவதைவிடக் குச்சி பார்த்து ஊற்றுங்கள். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். மண் ஒட்டியிருந்தால் இன்றைக்கு வேண்டாம். சுத்தமாக வந்தால் அடியில் ஒழுகும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். சென்னையில் என் 4 அங்குலத் தொட்டிகளுக்கு பிப்ரவரி, மார்ச்சில் பத்து நாளைக்கு ஒரு முறை வருகிறது. ராத்திரியும் புழுங்குகிற மே மாதத்தில் பல கள்ளிகள் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். கள்ளி மூச்சுத்துளைகளைத் திறப்பதே இரவில்தான், அந்த இரவும் கொதித்தால் அது என்ன செய்யும்? அப்போது சூடும் ஈரமும் சேர்ந்தால் அழுகல்தான். ஆகவே மாலையில், கொஞ்சமாக.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், அக்டோபர் முதல் வாரத்திலேயே, எல்லாத் தொட்டிகளையும் சாரல் படாத சுவரோரம் நகர்த்திவிடுகிறேன். தொட்டிக்குத் தொட்டி நாலு விரல் இடைவெளி, காற்று போக. டிசம்பர்வரை பெரும்பாலானவற்றுக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. சுருங்கும், கொஞ்சம் வாடிய முகமாக இருக்கும், விலா எலும்பு தெரிவது போலப் பட்டைகள் துருத்தும். பொங்கலை ஒட்டி வெயில் வந்ததும் குச்சியைச் செருகிப் பார்த்து ஒரு முறை முழுசாக ஊற்றினால், ஒரு வாரத்தில் மறுபடி உருண்டுவிடும்.